குணமாகும் என்று சொல்லாத பரியாரியார்

நோர்வேச் சட்டம் ஒன்றை, அதை எழுதியவர்களைவிட அதிகமாக நேசிக்கும் மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாப் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அவர் முதுகுகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பரியாரியார் என்றால் எங்கள் ஊரில் நாட்டு வைத்தியர். இவருக்கு ஒஸ்லோத் தமிழர்கள் வைத்த பெயர் சட்டப் பரியாரியார்.

முப்பது வருடம் பேக்கரியில் மாப் பிசைந்த கைகள். அவரிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டு எழும்பினால், அடுத்தது நம்மை அடுப்பில் வைத்துவிடுவாரோ என்று தோன்றும். ஆனால் கை வைப்பதற்கு முன் சட்டம் வாசிப்பார். மருத்துவ உரிமம் இல்லாதவர்கள் வைத்தியம் பார்ப்பதைப் பற்றிய சட்டம். மற்றவர்கள் சாமிப் படம் மாட்டும் இடத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். சட்டை கழற்றிக் குப்புறப் படுத்திருப்பவனுக்கு, தானே தமிழாக்கியதை நிறுத்தி நிதானமாக ஓதுவார்.

“எனக்கு உரிமம் இல்லை. விளங்குதோ?”

“விளங்குது அண்ணை.”

“பாரதூரமான வருத்தத்தை நான் மாத்த வெளிக்கிடக் கூடாது. விளங்குதோ?”

“விளங்குது அண்ணை. முதுகு விறைக்குது.”

“விறைக்கட்டும். சட்டத்திலை இன்னும் ரெண்டு பந்தி கிடக்கு.”

விளம்பரத்திலும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே தமிழ்க் கடையில் அவர் ஒட்டிய தாள்: ‘எண்ணெய் தேய்க்கப்படும். குணமாகும் என்று நான் சொல்லவில்லை.’ இவ்வளவு உண்மை பேசுகிறவன் கைராசிக்காரனாகத்தான் இருப்பான் என்று சனம் குவிந்தது.

ஒரு கலியாண வீட்டில் அறிவிப்பாளர் வாய்தவறி “டொக்டர் ஐயா அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்” என்றுவிட்டார். மனிதர் ஓடிப்போய் ஒலிவாங்கியைப் பறித்தார். “நான் டொக்டர் இல்லை! எனக்கு உரிமம் இல்லை! ஆரும் அப்பிடிக் கூப்பிட்டால் என்னிலைதான் பிழை வரும்!” மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தன்னடக்கமாம்.

வந்தவர்களின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது; அதிலோ அவர் இரும்புப் பெட்டி. ஒருமுறை கேட்டேன்:

“என்ரை மனிசி தோள் நோவுக்கு உங்களிட்டை வந்தவவோ?”

“எந்த மனிசி?”

“அண்ணை, எங்கடை கலியாணக் கேக் நீங்கள் செய்ததுதானே!”

“கேக்கைத் தெரியும். மனிசியைத் தெரியாது.”

போன இலையுதிர்காலத்தில் கொழும்பிலிருந்து திரும்பினேன். வந்து இரண்டாம் நாள் இடது கெண்டைக்கால் வலித்தது. நான் நிறைய வாசிப்பவன். ஆகவே எந்த நோயையும் தவறாகக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிடம் போதும். விமான இருக்கையில் பிடித்த பிடிப்பு என்று தீர்ப்பளித்தேன். டொக்டரிடம் போகச் சொன்ன மனைவியிடம் தலையாட்டிவிட்டு, நேரே பரியாரியாரிடம் போய்ப் படுத்தேன்.

முழுச் சட்டமும் ஓதி முடித்துத்தான் அவர் காலைப் பார்த்தார். மற்றக் காலையும் பார்த்தார். எண்ணெய்ப் போத்தலை மூடினார்.

“எழும்பும்.”

“ஏன் அண்ணை?”

“ஒரு கால் மட்டும் வீங்கிக் கிடக்கு. சூடாயும் கிடக்கு. நீர் பிளேனிலை கனநேரம் இருந்து வந்தனீர். உள்ளை ரத்தம் கட்டியிருந்தால், நான் தேய்க்க அது கழண்டு நெஞ்சுக்குப் போயிடும். டொக்டர் பாக்கோணும், இப்பவே.”

“சும்மா பிடிப்பு அண்ணை. ரெண்டு தேய் தேயுங்கோ.”

“தொடமாட்டன்.”

வலியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு காலைத் தேய்க்கப் பயம். நீங்கள் என்ன பரியாரி?”

“நான் பரியாரி இல்லையெண்டுதானே இவ்வளவு நேரமும் வாசிச்சனான்!” என்று கத்திக்கொண்டே அவர் என் சப்பாத்தைத் தேடினார்.

டாக்சி பிடித்து அவசர மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோனதும் அவர்தான். தாதி, “நீங்கள் இவருக்கு யார்?” என்று கேட்டார். மனிதர் நிமிர்ந்து நின்று, நோர்வே மொழியில், கூடம் முழுக்கக் கேட்க, “உரிமம் இல்லாதவன்” என்றார்.

படம் பிடித்துப் பார்த்தார்கள். காலின் நாளத்துக்குள் இரத்தக்கட்டி. இளம் டொக்டர் ஒருத்தி சொன்னாள்: “நல்ல காலம், யாரும் இதைத் தேய்க்கவில்லை.” நான் கூரையைப் பார்த்தேன். பரியாரியார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். “ஐயோ அண்ணை, நல்லவேளை நீங்கள் இருந்தியள்! போன கிழமை என்ரை தோளைப் பாக்கேக்கையே...”

“பிள்ளை,” என்று அவர் உதட்டில் விரல் வைத்தார், “இவருக்கு முன்னாலை வேண்டாம்.”

இதை எழுத அவரிடம் அனுமதி கேட்டேன். பெயர் போடக் கூடாது, கட்டட இலக்கம் போடக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக, குணப்படுத்தினார் என்று எழுதவே கூடாது. அது பொய் விளம்பரம் ஆகிவிடுமாம்.

சரி, எழுதித் தருகிறேன். அவர் என்னைக் குணப்படுத்தவில்லை. என் காலில் கைகூட வைக்கவில்லை. அந்தக் காலால்தான் இப்போது சனிக்கிழமைதோறும் பக்கத்து ரொம்மனில் இருக்கும் என் வீட்டிலிருந்து அவரிடம் நடந்து போகிறேன், எந்த நோவும் இல்லாமல், சட்டம் கேட்க.