ஆயிரமாவது பெட்டி

‘பெட்டி 100. திறக்கவா?’ என்று கேட்டது திரை.

அவள் ‘இல்லை’யைத் தொட்டாள்.

“ஆயிரம்னுதானே அடிச்சீங்க?”

“கண்ணாடி போட்டுக்கிட்டுத்தாம்மா அடிச்சேன்,” என்றார் பிணவறைக் குமாஸ்தா. “வேணும்னா நூறைத் திறந்து பார்த்துடலாமே.”

“வேண்டாம். அது வேற யாரோ.”

மொத்தம் ஆயிரம் பெட்டிகள். சாவி கிடையாது, கணினி சொன்னால்தான் கதவு திறக்கும். பெரியப்பாவின் உடலுக்குக் கொடுத்த சீட்டில் 1000 என்று இருந்தது. பதினோரு மணிக்குத் தகனம். அதை விட்டால் இன்னும் மூன்று நாள்.

ஆயிரம் நூறாகிப்போன காரணம் அவளுக்கு மட்டும் தெரிந்தது. ஓர் எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்று கணக்கிடும் சார்பை, அந்தக் குட்டி நிரலை எழுதி, எல்லாப் பிணவறை இயந்திரங்களுக்கும் அனுப்பியவளே அவள்தான். எண்ணின் மடக்கையை, அதாவது ‘லாக்’கை எடுத்து, தசமத்தை வெட்டிவிட்டு, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஆயிரத்துக்கு மடக்கை மூன்று. கணினிக்கோ 2.9999999999999996. வெட்டினால் இரண்டு. ஆக, ஆயிரத்துக்கு மூன்றே இலக்கம். கடைசிச் சைபர் அம்போ.

சின்ன வயதில் அவளுக்கு ‘தசமம்’ என்று பேர் வைத்ததே பெரியப்பாதான். “ஒரு புள்ளியைக்கூட விடமாட்டா எம்பொண்ணு” என்று கண்டவரிடமெல்லாம் சொல்வார்.

“என்ன தசமம், ஏதாவது சிக்கலா?” பின்னால் அப்பா.

“ஒண்ணுமில்லப்பா. ரெண்டே நிமிஷம்.”

மடிக்கணினியைத் திறந்தாள். மடக்கையோடு 0.001 சேர்த்து ஒட்டுப் போட்டு அனுப்பினாள். குமாஸ்தா மறுபடி அடித்தார். பெட்டி 1000 கிர்ரென்று வெளியே வந்தது.

காலி.

“அண்ணன் எங்கடி?” என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு சின்னதாகி அவள் கேட்டதில்லை.

அவள் பதில் சொல்வதற்குள் கூடத்தில் சத்தம். 998-க்கு வந்த குடும்பம் ஒன்று, 999-க்கு வந்த குடும்பம் ஒன்று.

“9980-னு ஒரு பெட்டியே இல்லைங்குது! எங்க அம்மாவை என்னய்யா பண்ணீங்க?”

ஒட்டு கொஞ்சம் தடித்துவிட்டது. 998, 999 இரண்டுக்கும் நாலாவது இலக்கமாக ஒரு சைபர் முளைத்திருந்தது.

வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். மடக்கையைப் பக்கத்து முழு எண்ணுக்கு நகர்த்திவிட்டால்? அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இப்போது 317 முதல் 999 வரை ஒரு பெட்டியும் திறக்கவில்லை. கூடம் நிறைந்தது. யாரோ குமாஸ்தாவின் சட்டையைப் பிடித்தார்.

“எம்மேல ஏன்யா பாயறீங்க? மெஷினைப் புடிங்க!”

மணி பதினொன்று பத்து.

“அப்பா,” என்றாள். “இதை எழுதினது நான்தான். என் கணக்குத் தப்பால பெரியப்பாவை வேற யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டாங்க போல.”

அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “காலைல இருந்து உன்னைத்தான்டா நம்பினேன்” என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

எல்லாவற்றையும் அழித்து, பழைய சார்பையே திரும்ப அனுப்பினாள். தெரிந்த தப்பாவது மிஞ்சட்டும். குமாஸ்தா ஆயிரம் அடித்தார்.

‘பெட்டி 100. திறக்கவா?’

அவள் விரல் ‘இல்லை’யை நோக்கிப் போனது. அப்போதுதான் பஸ் கிடைக்காமல் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார், உடல்களை எடுத்து வைக்கும் ஊழியர்.

“ஆயிரமாவது பெட்டி காலியா கிடக்குதுய்யா!” என்று கத்தினார் குமாஸ்தா.

“காலியாத்தான் இருக்கும்,” என்றார் அவர், கையுறையை மாட்டிக்கொண்டே. “ஆயிரம்னு அடிச்சா இது நூறைத்தான் திறக்கும்னு மூணு வருஷமா தெரியும். அதான் பெரியவரை நேத்தே நூறுல படுக்க வச்சேன்.”