எல்லைக்கல்லுக்கு இக்கட்டால பன்னெண்டு, அக்கட்டால பதினாலு

சித்தூர்த் தாலூக்கா, கொச்சி சமஸ்தானம்,
பிரஜோத்பத்தி வருஷம், பங்குனி 20.

சூரியநெல்லி எஸ்டேட்டில் சகல சௌபாக்கியங்களுடன் வாழும் என் பிரியமுள்ள அக்கா வள்ளியாத்தாளுக்கு, உன் தம்பி சின்னமுத்து அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு அப்பன், அம்மா, செவலை மாடு, நான் ஆகிய நால்வரும் க்ஷேமம். அவ்விடத்தில் உன்னுடையவும் மச்சானுடையவும் க்ஷேமத்துக்கும், அட்டைக் கடி ஆறிப்போச்சா என்பதற்கும் பதில் போடவும். இதை உனக்கு வாசிச்சுக் காட்டற ஸ்டோர் கிளார்க்கு பிச்சைமணி அண்ணாவுக்கும் நமஸ்காரம். அண்ணா, கொஞ்சம் சத்தமா, நிறுத்தி வாசிங்க. அக்காளுக்குச் சந்தோசம் வந்தாக் காது அடைச்சுக்கும்.

அக்கா, வேலை கெடைச்சிருச்சு! வாத்தியார் வேலை! மச்சான் எனக்காவ உங்க தொரைகிட்ட சொல்லி வெச்சாரே எஸ்டேட்டுப் பள்ளிக்கூட வேலை, பதினஞ்சு ரூவா, அரிசி, வருசத்துக்கு ஒரு கம்பளி, அது எனக்கு வேண்டாம். பங்குனிக் கடைசிக்குள்ள பதில் சொல்லோணும்னு தொரை கெடு வெச்சிருக்கறாரல்லோ, வேற ஆருக்காச்சும் குடுத்தரச் சொல்லு. சித்திரை ஒண்ணுக்குள்ள வேலை இல்லீன்னா மலை ஏத்தி உட்டுருவேன்னு அப்பன் சொன்னதுல இருந்து எனக்குச் சோறே எறங்கல. அட்டையை நெனைச்சாலே குந்துன எடத்துல காலைத் தூக்கி மேல வெச்சுக்குவேன். ரெண்டு மாசத்துக்கப்பறம் இப்பத்தான் என்ற காலு தரையில இருக்குது.

நடந்ததைக் கேளு. எட்டாங்கிளாசு நான் தனியாப் படிச்சுப் பாஸானது உனக்குத் தெரியும். அதுல இருந்து சித்தூர் வாசகசாலையிலயே கெடையாக் கெடந்து, எந்தப் பேப்பர்ல "உபாத்தியாயர் தேவை"ன்னு வந்தாலும் நோட்டுல எழுதிக்குவேன். எந்தச் சர்க்கார்ல வாத்தியாருக்கு என்ன சம்பளம்னு என்னையக் கேக்காம இந்தப் பக்கத்துல ஆரும் அர்ஜி எழுதறதில்ல, தெரியுமா? மலபார் ஜில்லா போர்டுல பதினாலு ரூவா, ஆனாக் கைக்கு வர மூணு மாசம் ஆவும். கொச்சி சர்க்கார்ல பன்னெண்டு, ஆனா ஒண்ணாந்தேதி டாண்ணு வந்துரும். திருவாங்கூர்ல பத்து, அதையும் அவுங்க ஊர்ச் சக்கரக் காசா எண்ணிக் குடுப்பாங்க, மடியில கட்டுனா வேட்டி அவுந்துரும், நம்மூர்ல மாத்தப் போனாப் பத்துக்குக் கொஞ்சம் கொறையும். இத்தனையும் வெரல் நுனியில வெச்சிருக்கற எனக்கு ஒரு வேலை இல்ல பாரு. முதலமடைப் பக்கம் சொந்தமாப் பள்ளிக்கூடம் நடத்தற மானேஜர் ஒருத்தரு, "பதினாலுக்குக் கையெழுத்துப் போடு, எட்டு வாங்கிக்கோ, சாயங்காலம் மாந்தோப்புக்குத் தண்ணி கட்டு"ன்னாரு. "மிச்சம் ஆறு எங்கீங்க?"ன்னேன். "அது நீ கையெழுத்துப் போடற பேனாவுக்கு வாடகை"ன்னாரு. வந்துட்டேன்.

அப்பத்தான் கொச்சி சர்க்கார் ஆப்பீஸ்ல இருந்து, கும்ப மாசம் ஒண்ணாந்தேதி நேர்ல வான்னு கடுதாசி. கும்பம்னா நம்ம மாசிதான? மாசி ஒண்ணு விடியறதுக்குள்ள குளிச்சு, பட்டை போட்டு, கோட்டு எரவல் வாங்கிச் சித்தூர் போய் நிக்கறேன், பியூன் சிரிக்கறான். இந்த வருசம் அவுங்க மாசம் நம்ம மாசத்துக்கு ஒரு நாள் பிந்திப் பொறக்குதாமா. "இன்னிக்கு மகரமாக்கும், நாளைக்கு வா"ன்னான். வெராந்தாவுல பாத்தா, என்னையாட்டவே தேதி தப்பி வந்து இன்னொருத்தரு குந்தியிருக்கறாரு. பேரு சுவக்கீன் மாஸ்டர். தன்ற பள்ளிக்கூடத்துக்கு ரெண்டாவது வாத்தியார் வேணும்னு கேக்க வந்தவரு. "நாளைக்கு வந்து நாப்பது பேரோட வரிசையில நிக்கறயா, இன்னிக்கே என்கூட வாறயா?"ன்னாரு. எரவல் கோட்டு சாயங்காலம் திருப்பிக் குடுக்கோணும், அதனால போயிட்டேன்.

பள்ளிக்கூடம் நீளமா ஒரு ஓலைக் கொட்டாய். கொட்டாய் போட்ட பொறகு சர்வேக்காரன் வந்து நட்ட நடுவுல எல்லைக்கல்லை நட்டுட்டுப் போயிட்டானாம். இக்கட்டால கொச்சி, அக்கட்டால மலபார். கல்லு மேலதான் சாக்கட்டி டப்பா. பிள்ளைங்க ரெண்டு பக்கத்துல இருந்தும் மொத்தமா அம்பது. கொச்சி இன்ஸ்பெக்டர் வந்தா அம்பதும் இக்கட்டால குந்தும், மலபார் இன்ஸ்பெக்டர் வந்தா அம்பதும் பாயைச் சுருட்டிக்கிட்டு அக்கட்டால. ஆஜர் புஸ்தகம் ரெண்டு, ரெண்டுலயும் அதே அம்பது பேரு. மாஸ்டருக்குக் கொச்சி பன்னெண்டு, எனக்கு மலபார் பதினாலு. "இது தப்பில்லீங்களா?"ன்னேன். "ஒரு சர்க்கார் ஒரு வாத்தியார்தான் தருவேங்குது. அம்பது பிள்ளைக்கு ரெண்டு பேரு வேணுமா, வேண்டாமா?"ன்னாரு. வேணும்தான். ஆனா இன்ஸ்பெக்டர் பாத்து ரிப்போர்ட்டு எழுதுனாத்தான் என்ற வேலை நெலைக்கும்.

போன செவ்வாக்கெழமை இக்கட்டால வண்டிச் சத்தம். கொச்சி இன்ஸ்பெக்டர் மேனோன். பிள்ளைங்க இக்கட்டால பாய் விரிச்சதும் அக்கட்டால சைக்கிள் மணி! மலபார் இன்ஸ்பெக்டர் யக்ஞநாராயணன்! பாதிப் பிள்ளைங்க அங்க ஓட, பாதி இங்க நிக்க, ரெண்டு பேரும் ரெண்டு புஸ்தகத்தைப் பிரிச்சு ஒரே நேரத்துல பேரு கூப்படறாங்க. சின்னத்தாயின்னு ஒரு பிள்ளை. மேனோன் கூப்பிட்டா இக்கட்டால "உள்ளேன் சார்", யக்ஞநாராயணன் கூப்பிட்டாக் கல்லைத் தாண்டி அக்கட்டால "உள்ளேன் சார்". கணக்கு ஒதைக்குதுன்னு அவுங்க திருப்பித் திருப்பிக் கூப்பட, நாலு தடவை ஓடி மூச்சு வாங்கிட்டு, "சார், நான் கல்லு மேலயே நின்னுக்கட்டுங்களா?"ன்னு கேட்டுப்புட்டா. என்ற காலுல அட்டை ஏர்றது தெரிஞ்சுது அக்கா.

யக்ஞநாராயணன் புஸ்தகத்தை மூடுனாரு. மேனோனையே பாத்தாரு. "ஓய், உமக்கு வண்டிப் படி என்ன தரா?"ன்னாரு.

"மைலுக்கு மூணணா. ஸாருக்கு எத்தற?"

"ரெண்டணா! அதுவும் தை மாசத்துது இன்னும் வரலை. ஆத்துக்காரி கிட்ட கைநீட்டி ட்யூப் மாத்தியிருக்கேன்."

"எனிக்கு ஒண்ணாந்தேதி கிட்டும், அது சரி. அடிச்சம்பளம் கண்டா ஸார் கண்ணீர் விட்டு கரஞ்சு போவும்."

எனக்குத் தாங்கல. நோட்டை எடுத்துட்டு ஓடுனேன். இன்ஸ்பெக்டர் சம்பளமும் எழுதி வெச்சிருக்கறனல்லோ! கல்லுக்கு அங்கிட்டு ஒருத்தரு, இங்கிட்டு ஒருத்தரு, நடுவுல நான். மூணு சர்க்கார், படி, பென்ஷன், லீவு எல்லாம் ஒப்பிட்டுச் சொல்லச் சொல்ல ரெண்டு பேரும் பெருமூச்சு உடறாங்க. பிள்ளைங்களை ஆரும் எண்ணவே இல்ல. "அபார ஞானம்டா நோக்கு, ஒன்னை விட்டுடப்படாது"ன்னு யக்ஞநாராயணன் எங்கிட்டச் சொன்னாரு. சைக்கிளை வண்டிக்குப் பின்னால கட்டி, ரெண்டு பேரும் ஒரே வண்டியில பேசிக்கிட்டே போனாங்க. மாஸ்டர் கல்லு மேல சாஞ்சு அப்படியே குந்திட்டாரு. நான் ஒரு சொம்புத் தண்ணி குடிச்சேன். அந்தத் தண்ணி ருசி இன்னும் நாக்குல இருக்குது.

ஆகையால் அக்கா, இனிமே என்னையப் பத்திக் கவலை வேண்டாம். அம்மா மாரியாத்தாளுக்கு மாவெளக்கு நேந்திருக்கறா. மச்சானுக்கு மழையில இருமல் வராம, உனக்கு அட்டை கடிக்காம, ரெண்டு பேரும் நீடூழி வாழ ஆத்தா காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி,
சின்னமுத்து, உபாத்தியாயர் (அக்கட்டால).

பின்குறிப்பு, பங்குனி 27: தபால் தலைக்கு அப்பன் காசு குடுக்க ஒரு வாரம் ஆயிருச்சு. அதுக்குள்ள ரெண்டு சர்க்கார் உத்தரவும் வந்துருச்சு. கொச்சி எழுதியிருக்குது, "உபாத்தியாயர்கள் இருவரும் மகா சமர்த்தர்கள். மலபாரார் சம்பளம் கொடுப்பதால் இவ்விடத்திலிருந்து கொடுக்க வேண்டியதில்லை." மலபாரும் அதையேதான் எழுதியிருக்குது, மலபாராருக்குப் பதிலாக் கொச்சியார். மாஸ்டர் ரெண்டு சர்க்காருக்கும் அப்பீல் எழுதிட்டுக் குந்தியிருக்கறாரு. எனக்கு அவ்வளவு நாள் அப்பன் சோறு போட மாட்டாரு.

பிச்சைமணி அண்ணா, இதுக்கு முன்னால எழுதியிருக்கறதை இன்னும் வாசிக்கலீன்னா வாசிக்காதீங்க, இங்க இருந்தே ஆரம்பிங்க. வாசிச்சுட்டீங்கன்னா, அக்கா தொரைகிட்டச் சொல்லச் சொல்லி மச்சான்கிட்டப் போறதுக்குள்ள ஓடிப் புடிங்க.

அக்கா, கம்பளி பெருசா வேணும், காலு வரைக்கும். இன்னொண்ணு, அந்த எஸ்டேட்டுப் பள்ளிக்கூடம் முழுசும் ஒரே சர்க்கார் மண்ணுலதான இருக்குது? எதுக்கும் மச்சானை ஒரு தடவை சுத்தி நடந்து, உள்ள எங்கயாச்சும் கல்லு நட்டிருக்குதான்னு பாக்கச் சொல்லு.