அண்ணனுக்கு ஏழாவது நரம்பு

"சிரிங்க பார்க்கலாம்! எங்கே, வாயோரத்தைத் தூக்குங்க!" என்று அவள் அதட்டிக்கொண்டிருந்தபோது, திறந்திருந்த கதவை யாரோ தட்டினார்கள்.

கீழ்வீட்டுக் கடிகாரக்காரர். ரிப்பேர் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருப்பவர். சோடாபுட்டிக் கண்ணாடி.

"மன்னிக்கணும்மா. உங்க குழாய் ஒழுகுது போல. எங்க சீலிங்ல சொட்டுது."

கையில் புருவப் பென்சிலோடு அவள் விழித்தாள். ஜன்னலோரம், கழுத்துவரை துண்டு போர்த்தி, ஸ்டாண்டில் ஒரு தலை. அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தில் இரவல் வாங்கிய ரப்பர் தலை.

கணவர் போய்ச் சேர்ந்து, மகனும் வேலைக்கென்று வெளிநாடு பறந்த பிறகு, நாலு மனிதர்களைப் பார்க்கலாமே என்று அந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். கத்தரிக்கோல் கைக்கு வந்துவிட்டது. உடற்கூறு பாடம்தான் உதைத்தது. எந்தத் தசை கண்ணை மூடும், எது சிரிக்க வைக்கும், எந்த நரம்பு இவர்களையெல்லாம் மேய்க்கிறது? பொம்மையின் கன்னத்தில் கோடு போட்டு, அதோடு வாய்விட்டுப் பேசித்தான் மண்டையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

ஐம்பது வயதில் பொம்மையோடு பேசுகிறவள் என்று பெயர் வாங்கவா?

"எங்க அண்ணன்," என்றாள்.

"அப்படியா? வணக்கம் சார்!"

அண்ணன் கண்டுகொள்ளவில்லை.

"முகவாதம். ஏழாவது நரம்பு. பேச்சு வராது, சிரிக்க வராது. பயிற்சி கொடுத்துட்டிருக்கேன்."

"அடப் பாவமே!"

அவர் போனதும் குழாயைத் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. உள்ளுக்குள் கசிகிறதாக்கும் என்று ஒரு துணியைச் சுற்றிக் கட்டினாள்.

மறுநாள் காலை செய்தித்தாளோடு வந்து நின்றார். "அண்ணனுக்குப் படிச்சுக் காட்டலாமேன்னு..."

"அஞ்சு நிமிஷம் இருங்க. அவர் சட்டை மாத்தணும்."

கதவைச் சாத்திவிட்டு ஓடினாள். தலைக்கு உடம்பு வேண்டுமே! தலையணையைக் கட்டிவைத்து, மடித்து வைத்திருந்த கணவரின் சட்டையை எடுத்து மாட்டினாள். ஒரு நிமிடம் அந்தக் காலரை விட மனம் வரவில்லை.

கடிகாரக்காரர் வாசலோரமே உட்கார்ந்து விளையாட்டுச் செய்தி முழுக்கப் படித்தார். சோடாபுட்டிக் கண்ணாடி தன்னைக் காப்பாற்றியது என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

பெருமூச்சு அவசரப்பட்டுவிட்டது. அடுத்து சதுரங்கப் பலகை வந்தது.

"அண்ணன் செஸ் ஆடுவாரா?"

"ஆடுவார். ஆனா... என் காதுலதான் சொல்வார்."

"பேச்சு வராதுன்னீங்க?"

"மூச்சு வரும். அதுல புரிஞ்சுப்பேன்."

அவள் ரப்பர் உதட்டருகே காதை வைப்பாள். "குதிரையை நகர்த்தச் சொல்றார்," என்பாள். அண்ணன் தினமும் ஜெயித்தார். "உங்க அண்ணன் பலே ஆளும்மா!" என்று கடிகாரக்காரர் தலையைச் சொறிந்தார். டீ மூன்று டம்ளர் போட வேண்டியிருந்தது. அவர் போன பிறகு, ஆறிப்போன அண்ணன் டீயை அவளே குடித்தாள். அப்போதுதான் வீடு மறுபடி சத்தமில்லாமல் போகும்.

வகுப்பில் ஆசிரியை குண்டைப் போட்டாள்.

"செய்முறைத் தேர்வுக்கு வரும்போது தலையெல்லாம் திரும்பி வந்துடணும். உயிருள்ள முகம் ஒண்ணு கூட்டிட்டு வாங்க. ஒவ்வொரு தசையையும் தொட்டு, அசைச்சுக் காட்டணும். பொம்மை கண்ணடிக்குமா?"

"நான் எங்கம்மாவைக் கூட்டிட்டு வருவேன். ஆன்ட்டி, நீங்க?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்.

ஆன்ட்டி கைபேசியைக் குடைந்தாள். கேஸ்காரர், எலெக்ட்ரீஷியன், பல் டாக்டர். முகத்தை இரவல் கேட்கிற மாதிரி ஒரு பெயரும் இல்லை. கடிகாரக்காரரைக் கேட்கலாம். கேட்டால் அண்ணன் கதை அம்பலம். கேட்காவிட்டாலும் தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும். அண்ணன் போனால் யாரை நலம் விசாரிக்க அவர் மாடியேறுவார்? தேர்வையாவது மறுபடி எழுதலாம்; அவரை மறுபடி வரவழைக்க முடியுமா?

"நாளைக்குத் தேர்வு. உயிருள்ள முகத்துக்கு நான் எங்கேண்ணா போவேன்?" என்று தேர்வுக்கு முதல் நாள் மாலை பொம்மையிடமே அழுதாள். அண்ணன் வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை.

தேர்வன்று காலை, தலையைப் பையில் திணித்துக்கொண்டு பூனைபோலப் படியிறங்கினாள். பாதிப் படியில் பையின் காது அறுந்தது.

தொம். தொம். தொம்.

அண்ணன் ஒவ்வொரு படியாக உருண்டுபோய், பளபளப்பான ஒரு ஜோடி ஷூவின் முன்னால் நின்றார். கடிகாரக்காரர்! இஸ்திரி போட்ட சட்டை, புதிதாய் மழித்த முகம்.

குனிந்து தலையை எடுத்தார். மூக்கைத் துடைத்தார்.

"அண்ணனுக்கு அடி ஒண்ணும் இல்லையே?"

அவளுக்குக் காதுவரை சிவந்தது. "சார்... அது வந்து..."

"ஓடுதா, நின்னுடுச்சான்னு பார்க்கறதுதானேம்மா என் பொழப்பு? மொத நாளே தெரியும். மனுஷன் ஒரு தடவைகூடக் கண்ணைச் சிமிட்டல."

"தெரிஞ்சுமா அவர்கிட்ட தினம் தோத்தீங்க?"

"ஆடினது நீங்கதானே? நேத்து நீங்க அழுதது கீழே வரைக்கும் கேட்டுது." முகத்தை நீட்டினார். "இது ஆகுமான்னு பாருங்க. கொஞ்சம் பழசு. ஆனா ஓடுது."

அவர் வாயோரம் மேலே ஏறியது. அந்தத் தசையின் பெயர் இந்த முறை அவளுக்கு மறக்கவில்லை.

"வந்ததும் மொத வேலையா பிளம்பரைக் கூப்பிடறேன் சார். பாவம், இன்னும் உங்க சீலிங்ல சொட்டுதா?"

கடிகாரக்காரர் அண்ணனை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் படியைப் பார்த்துச் சொன்னார்:

"எங்க சீலிங் என்னிக்குமே சொட்டினதில்லம்மா."