கேஷுவல் சட்டைக்கு ஒரு முகம்

வலப்பக்க மீசை இடப்பக்கத்தைவிட ஒரு நூல் தடித்துவிட்டது. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

கலியமூர்த்தி கண்ணாடியை நெருங்கி வலப்பக்கத்தில் கொஞ்சம் கத்தரித்தான். இப்போது இடப்பக்கம் தடித்துத் தெரிந்தது.

மனுஷன் விருத்தாசலத்துச் செராமிக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகக் கப்புக்குக் காது ஒட்டுகிறவன். அவன் ஒட்டிய கப்புகள் எங்கெங்கோ போயின. அவன் முகத்தைத்தான் ஊரில் ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ரெடிமேட் கடை பரக்கத்துல்லா பாய், "தீபாவளிக்கு பஸ் ஸ்டாண்டுல பெரிய பேனர் வெக்கிறோம். கேஷுவல் சட்டைக்கு நீங்கதான் மாடல்" என்று சொன்னதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. செல்போனில் பார்த்த மாடல்களுக்கெல்லாம் மீசை இருந்தும் இல்லாத மாதிரி இருந்தது. தனக்கும் அப்படி வேண்டுமென்று உட்கார்ந்தவனுக்கு, ஒன்பதரை மணிக்கு மீசையே இல்லை.

மனைவி வாசுகி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி மனுசா! பெத்த அப்பா உசுரோட இருக்கும்போது யாராவது மீசைய எடுப்பாங்களா? மாமா பாத்தாருன்னா வூட்ட ரெண்டாக்கிடுவாரு!"

"கத்தாதடி. உன் கண் மைய எடு."

மையில் வரைந்த மீசை தெருமுனை வரைக்கும்தான் தாங்கியது. வேர்வையில் கரைந்ததைத் துண்டால் அழுத்தித் துடைத்தான். மை கண்ணிலும் பட்டு, கண் கோவைப்பழமாகச் சிவந்து தண்ணீர் கொட்டியது. அந்த நேரம் பார்த்தா பக்கத்து வீட்டுச் செல்வநாயகி எதிரே வரவேண்டும்!

"அய்யய்யோ, மீசைய எடுத்துட்டீங்களேண்ணே! பெரியவரு எப்பண்ணே போனாரு?"

நாற்பத்திரண்டு வயதில் மாடலாகப் போகிறேன் என்று சொல்ல வெட்கம். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சைக்கிளை மிதித்தான். அவளுக்கு அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? உடனே செல்போனை எடுத்துவிட்டாள்.

கடையில் கரண்ட் இல்லை. பதினொன்றரைக்கு வந்தது. போட்டோக்காரன் பிரவீன்குமார் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டு, "தொந்திய எக்காதீங்கண்ணே" என்று கேமராவைத் தூக்கினான். அப்போது கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து அப்பா கோவிந்தசாமி, வாசுகியிடம் இடம் கேட்டுக்கொண்டு, கையில் ரோஜா மாலையோடு உள்ளே நுழைந்தார்.

"டேய்! நான் வூட்டுல குந்தி கூழு குடிச்சிக்கினு இருக்கறேன், ரெண்டு ஆட்டோ நெறைய மாலையோட வந்து எறங்குறாங்க! எனக்குப் போட வந்த மாலைய நானே வாங்கியாறேன்டா!"

"அப்பா, பேனர்ல மொகம் நல்லா வரணும்னுதான்..."

"இந்த மொகமாடா?" காதுவரை போன வெள்ளை மீசையை அவர் ஆத்திரத்தோடு முறுக்கினார்.

கலியமூர்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. "பாய், ஒரே ஒரு போட்டோ எடுத்துடுங்க பாய். அப்புறம் அடிவாங்கிக்கறேன்."

பிரவீன்குமார் பெரியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"உங்கள எடுத்தாச்சுண்ணே, தாத்தா உள்ள வர்றப்பவே. பாய் கேட்டது கழுத்துக்குக் கீழ, எக்ஸ்எல் தொந்தி மட்டும்தான். மேல வெக்கத்தான் இத்தினி நாளா ஆளு தேடிக்கிட்டு இருந்தோம். தாத்தா, அந்த மீசைய இன்னொரு தடவ முறுக்குங்க!"