தையற்காரரின் போர்த்தேங்காய்

எங்கள் பருத்தித்துறையில் தேங்காயோடு கதைத்த ஒரே மனிதர் தையற்காரர்தான். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் அவருடைய மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

சித்திரை வருடப்பிறப்பன்று கடற்கரையில் போர்த்தேங்காய் அடிப்போம். ஒருவர் தன் தேங்காயை நிலத்தில் வைக்க, மற்றவர் தன் கையிலிருக்கும் தேங்காயால் ஓங்கி அடிப்பார். எவருடையது உடைகிறதோ அவர் வெளியே. தையற்காரர் வருடம் தவறாமல் முதல் அடியிலேயே வெளியே வந்தவர். ஒருமுறை எதிராளி கை ஓங்கிய காற்றுக்கே அவருடைய தேங்காய் பிளந்ததாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை; நம்புகிறேன்.

ஆனாலும் மனிதர் மனம் விடவில்லை. பங்குனி பிறந்தால் பஸ் ஏறி மருதனார்மடம் சந்தைக்குப் போய்விடுவார். ஒவ்வொரு தேங்காயையும் கத்தரிக்கோல் பிடியால் தட்டி, காதில் வைத்துக்கொண்டு நிற்பார்.

"அண்ணை, வேண்டப் போறியளோ, அதோடை கதைக்கப் போறியளோ?" என்று வியாபாரி கேட்டான்.

"கொஞ்சம் பொறும். உது இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

அவருடைய தையல் கடைக்கு வந்தால் இன்னொரு கூத்து.

"நாளைக்கு எனக்குக் கலியாணம். சட்டை எங்கை அண்ணை?" என்று ஒரு மாப்பிள்ளை வந்து நிற்பான்.

"தைக்கலாம் பிள்ளை. முதல் தேங்காய்க்கு ஒரு உறை தைச்சு முடிக்கிறன்."

மூன்று வருடங்களுக்கு முன் அந்த அதிசயம் நடந்தது. வெல்வெட் உறையிலிருந்து வந்த அவருடைய தேங்காய் ஏழு தேங்காய்களை உடைத்தது. எதிர்க்க ஆளில்லை. வெற்றிக் கோப்பை மேசையில் மினுங்கியது. அவருடைய மனைவி போனில் படமெடுக்கத் தயாராக நின்றார். அப்போதுதான் மீன் விற்கும் ராணியக்கா ஒரு தேங்காயோடு வந்தார்.

"பொம்பிளையள் அடிக்கிறேல்லை" என்றார் போட்டி நடத்துபவர்.

"ஆர் அடிக்கிறது எண்டு தேங்காய்க்குத் தெரியுமோ?"

"உன்னோடை ஆர் அடிப்பினம்? வெண்டாலும் வெக்கம், தோத்தாலும் வெக்கம்."

ராணியக்கா திரும்பி நடக்கத் தொடங்கினார். தையற்காரர் பேசாமல் நின்றிருந்தால் கோப்பை அவருக்குத்தான். அதை ஒருமுறை ஆசையாகப் பார்த்தார்.

"நில்லுங்கோ தங்கச்சி. நான் அடிக்கிறன். தோக்கிறது எனக்கென்ன புதுசே?"

தன் தேங்காயை நிலத்தில் வைத்தார். "முதல் அடி உங்கடை."

பாரை மீன் வெட்டிப் பழகிய கை. ஒரே அடி. தேங்காய்த் தண்ணீர் தெறித்துத் தையற்காரரின் முகமெல்லாம் நனைந்தது. சால்வையால் துடைத்துக்கொண்டு, போட்டி நடத்துபவரைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஆர் வெண்டது எண்டு மைக்கிலை சொல்லுங்கோ."

அடுத்த வருடம் பெண்கள் வரிசையில் நின்றார்கள். இந்தச் சித்திரைக்கு என் மகளும் அடித்து, இரண்டு பேரை வெளியே அனுப்பினாள். தையற்காரர் இன்னும் கோப்பை வாங்கவில்லை.

அன்று மாலை அவருடைய வீட்டுக்குப் போனேன். மகளைப் பற்றி அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எனக்குத் தேவையில்லாத ஒரு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தேன்.