பலாப்பழத்தின் சராசரி எடை

டை கட்டிய மனிதரைக் கண்டால் என் கை தானாகக் கும்பிட்டுவிடும். இருபத்துநான்கு வயதில் இந்த வியாதி உச்சத்தில் இருந்தபோதுதான் அந்த நேர்காணல் வந்தது.

எம்.எஸ்ஸி. புள்ளியியல் முடித்துவிட்டு மஞ்சக்குப்பம் வீட்டில் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். (சும்மா என்றால், "அடுத்து என்ன பண்ணப்போற?" என்பதற்கு மூன்று வேளையும் பதில் சொல்லிக்கொண்டு.) சிதம்பரம் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் புள்ளியியல் ஆசிரியர் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு வந்த முதல் அழைப்பு. பத்து நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். துணைக்கு, கீரப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் தாய்மாமா வந்தார்.

வராந்தாவில் ஒரு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார் மாமா.

"இதாம்மா ரூமு. அஞ்சு பேரு டை கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. போர்டுகூட இருக்குது. போ."

"கேட்டீங்களா மாமா?"

"கேக்க என்னா இருக்குது? மூஞ்சப் பாத்தாலே தெரியுது."

போய் வணக்கம் சொன்னேன். ஐவரும் திகைத்துப்போய்ப் பதில் வணக்கம் வைத்தார்கள். (கண்டிப்பானவர்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.) என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு, போர்டில் ஐந்து பண்ருட்டி பலாப்பழங்களை வரைந்தேன். நாலு பழம் பத்துக் கிலோ, ஒன்று மட்டும் நாற்பது. சராசரி பதினாறு. "ஆனால் பதினாறு கிலோ பழம் இதில் ஒன்றுகூட இல்லை, பாருங்கள்."

ஒல்லியான ஒருவர் கை தூக்கினார். "மேடம், எங்க மேனேஜரு டார்கெட் வைக்கிறதும் இப்பிடித்தானா? ஒருத்தன் நாப்பது வித்தா எல்லாரும் பதினாறு விக்கணுங்கிறாரு."

எவ்வளவு நுட்பமான கேள்வி என்று பூரித்துப்போனேன். "அங்கே சராசரியை நம்பவே கூடாது சார்" என்றேன். குறித்துக்கொண்டார்.

அப்போது வெள்ளைக் கோட்டு அணிந்த டாக்டரம்மா ஒருவர் உள்ளே வந்தார். "மருந்துக் கம்பெனி ரெப்ஸ் எல்லாம் என் ரூமுக்கு வாங்க." ஐவரும் மருந்து சாம்பிள் பைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

டாக்டரம்மா பலாப்பழங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ எந்தக் கம்பெனிம்மா?"

"இன்டர்வியூ மேடம்."

"அது மாடியில. ஆரம்பிச்சு அரைமணி ஆவுது."

ஓடினேன். மாடியில் மூன்று பேர். ஒருவர்கூட டை கட்டியிருக்கவில்லை.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"இப்பதானே சார் சொன்னேன்" என்றது என் வாய்.

பாடத்தையாவது ஒழுங்காக நடத்தலாம் என்று பலாப்பழம் வரையத் தொடங்கினேன். கீழே ஐந்து பேர் பையோடு எழுந்தது கண்முன் வந்தது. சிரிப்பு பீறிட்டது, நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். வேலை கொடுக்கவில்லை.

வெளியே அந்த ஒல்லி ரெப்போடு மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். "காலேஜில நடத்துற டிரெய்னிங்குன்னு நெனச்சாங்களாம். நீ பிரமாதமாப் பாடம் எடுத்தன்னு சார் சொல்றாரும்மா." பஸ்ஸில் பாதி வழி அழுதேன். மீதி வழி சிரித்தேன்.

பிறகு கடலூரில் வேறு கல்லூரியில் வேலை கிடைத்தது. என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபித் தட்டோடு கூடத்துக்கு நகர்ந்தபோது மாமா காதருகே குனிந்தார். "இவுங்கதான் மாப்ள வீடு. நல்லா விசாரிச்சிட்டேன். தைரியமாப் போ."

தட்டு ஆடி, காபி கொட்டி, அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். காரணம் சொல்லாமல் தப்ப முடியவில்லை. இப்போது அந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்பவர் என் மாமியார்தான். அவர் சொல்லும்போது ரெப்புகள் பன்னிரண்டு பேர்.