அக்கா, கஜு கொஞ்சம் கூடப் போடுங்கோ

என்னைப் பொறாமைக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்: நான் பொறாமைக்காரிதான். கலியாணமாகி எட்டாம் மாதமே அதைச் சபை நடுவில் நிரூபித்தும் காட்டினேன்.

என் கணவர் ரமணனுக்கு முகங்கள் நினைவில் நிற்காது. சாவகச்சேரிச் சந்தையில் சொந்தப் பெரியப்பாவையே தாண்டிப் போய்விடுவார். "சுகந்தியின்ரை மனுசனுக்குச் சரியான தலைக்கனம்" என்று என் சனம் கதைத்தது. நானோ ஆசிரியப் பயிற்சியில் உளவியல் படித்தவள் (ஒரு பாடம்தான், அதிலும் பாதி). சும்மா இருப்பேனா?

"மனம் ஒரு மண்டபமில்லை, கனக்க அறையள் உள்ள வீடு. முகத்துக்கு ஓரறை, குரலுக்கு ஓரறை, பயத்துக்கு ஓரறை. ஒண்டிலை நடக்கிறது மற்றதுக்குத் தெரியாது. இவருக்கு முகத்தின்ரை அறையிலை மட்டும் லைற் எரியேல்லை" என்று வீடு வீடாகப் போய் விளக்கினேன். சனமும் நம்பியது. எனக்கும் உள்ளூர ஒரு நிம்மதி. எந்த அழகியின் முகமும் இவர் மனதில் தங்கப்போவதில்லை!

தெல்லிப்பழையில் என் தங்கைக்குக் கலியாணம். மண்டப வாசலில் நின்று பன்னீர் தெளிக்க வேண்டியவர் மூத்த மருமகன்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

"ஆர் வந்தாலும் சிரிச்சு 'வாங்கோ வாங்கோ' எண்டு சொல்லுங்கோ, அதுவே காணும்" என்று பழக்கிவிட்டேன். நன்றாகத்தான் செய்தார். வீடியோக்காரருக்கு மட்டும் மூன்று தரம் பன்னீர் தெளித்தார்.

நான் மணவறைப் பக்கம் நின்றேன். மேளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. அப்போது நீலச் சேலை கட்டிய ஒருத்தி இவருக்குப் பின்னால் வந்து நின்றாள். இவர் சட்டென்று திரும்பினார். முகமெல்லாம் பல்லாக, "கௌரி!" என்று வாயசைத்தது அங்கிருந்தே தெரிந்தது. கௌரி இவரோடு கம்பஸில் படித்தவள்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பெரியப்பாவுக்கு எரியாத லைற் இவளுக்கு மட்டும் எப்படி எரிகிறது? என் முகத்துக்கும் எரிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

காலையிலிருந்து கட்டியிருந்த பச்சைச் சேலையைக் களைந்து அம்மாவின் ஊதாச் சேலையைச் சுற்றிக்கொண்டேன். பின்னலைக் கொண்டையாக்கினேன். முந்திரிப்பருப்பு மிதக்கும் பாயாச வாளியோடு பந்திக்குள் போய், சாப்பிட உட்கார்ந்திருந்த இவர் முன்னால் பேசாமல் நின்றேன். பக்கத்து இலையில் கௌரி.

இவர் நிமிர்ந்து பார்த்தார். மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"அக்கா, கஜு கொஞ்சம் கூடப் போடுங்கோ."

அக்காவாம்! (இவரைவிட நான் நாலு வயது இளையவள்.)

"கௌரியின்ரை முகம் தெரியுது, கட்டின பெண்சாதியின்ரை முகம் தெரியேல்லையோ?" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்து மேளமும் நின்று தொலைத்தது. பந்தி முழுவதும் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது.

"ஐயோ, சுகந்தி! நீரே?" குரலைக் கேட்டதும் இவருக்கு ஆள் பிடிபட்டுவிட்டது.

அப்போதுதான் கௌரி சிரித்தாள். அது சிரிப்பா அது! தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின் ஸ்ரார்ட் எடுப்பது போல ஒரு சத்தம். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை ஒன்று வீறிட்டது.

"வாசலிலை உந்தச் சிரிப்பு காதிலை விழுந்துதான் திரும்பினனான். அவவின்ரை முகம் எனக்கு இப்பவும் தெரியாதப்பா" என்றார் இவர், பாவம்.

அவள் பின்னால் நின்றதையும், இவர் பார்க்காமலே திரும்பியதையும் என் இரண்டு கண்ணாலும் கண்டவள் நான். பொறாமை உள்ளே புகுந்து, கண்டதையெல்லாம் காணாததாக்கிவிட்டது. ஊருக்கு அறை அறையாக விளக்கிய என் மண்டைக்குள் எந்த அறைக்கும் கதவு இல்லை.

இன்றைக்கும் நான் எந்த வீட்டில் அகப்பையைத் தொட்டாலும், வெறும் சோற்றுக்கே "அக்கா, கஜு கூடப் போடுங்கோ" என்கிறார்கள். அப்பாவும் சேர்ந்துகொண்டு அக்கா என்கிறார். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். கௌரியின் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஆகையால் கூட்டமுள்ள இடம் எதற்குப் போனாலும் வாசலில் நின்று பலமாக ஒரு சிரிப்புச் சிரிப்பது என் வழக்கம்.

போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் எங்கள் மகள் இவரைக் கேட்டாள்: "அப்பா, அம்மா ஏன் ஒண்டுமில்லாததுக்குச் சிரிக்கிறா?"

"நான் திரும்பிப் பாக்கத்தான், பிள்ளை" என்றார், ஏற்கெனவே திரும்பியபடி.